ஃபேர்னஸ் கிரீமும் கிட்னியும்: ஒரு கேஸ்ல காரணத்தை நிரூபிச்ச விதம்

கெமிக்கல் பொருளால நோய் வந்துச்சுன்னு நஷ்டஈடு கேக்குற கேஸ்கள் நான் பாத்த வரைக்கும் ஒரே இடத்துலதான் சாயுது. வித்தவர் மேல தப்பு இருக்குன்னு காட்டிருவோம், பொருள்ல விஷம் இருக்குன்னு காட்டிருவோம், ஆளுக்கு நோய் இருக்குன்னும் ஆஸ்பத்திரி பேப்பர் சொல்லும். ஆனா அந்த விஷம்தான் இந்த ஆளுக்கு இந்த நோயை குடுத்துச்சுங்கிற இடத்துக்கு வரும்போது கையில ஒண்ணும் இருக்காது, ஏன்னா அதுக்கான சாட்சி எல்லாம் வக்கீல் ஆபீஸுக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடியே, நோய் வந்த முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துலயே அழிஞ்சு போயிருக்கும். டப்பாவ குப்பையில போட்டிருப்பாங்க, உடம்புல இருந்த விஷம் யூரின்ல போயிருக்கும், டாக்டர் கேஸ் ஷீட்டுல "காரணம் தெரியல"ன்னு எழுதி முடிச்சிருப்பார். இந்த கேஸ்ல அப்படி நடக்காம தப்பிச்சோம், எப்படின்னு முழுசா எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

கட்சிக்காரங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். பேரு, கடை, ஆஸ்பத்திரி எதுவும் சொல்லப்போறதில்ல, ஆளை அடையாளம் காட்டுற விவரத்தையும் மாத்திருக்கேன். அக்கான்னே வச்சுக்குவோம். சேரன்மகாதேவி பக்கம் ஊரு, வீட்டுலயே மெஷின் போட்டு ப்ளவுஸ் தைச்சு குடுக்கிறவங்க, வயசு முப்பத்தஞ்சுக்குள்ள, அதுக்கு முன்னாடி சுகர் பிரஷர் எதுவும் கிடையாது. திடீர்னு காலையில எந்திரிச்சா கண்ணைச் சுத்தி வீங்கியிருக்கு, சாயங்காலம் ஆனா கால்ல செருப்பு ஏறல, விரலை வச்சு அமுக்கினா குழி விழுது, யூரின் நுரை நுரையா போகுது. திருநெல்வேலியில ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு போனாங்க. யூரின்ல ஏகப்பட்ட புரோட்டீன், ரத்தத்துல ஆல்புமின் கம்மி, கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம். 24 மணி நேர யூரின்ல 3.5 கிராமுக்கு மேல புரோட்டீன் போச்சுன்னா நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்னு சொல்லுவாங்க, அக்காவுக்கு அதைவிட ரொம்ப கூட. அங்க டாக்டர் "வேற ஏதும் மருந்து மாத்திரை எடுக்கியளாம்மா?"ன்னு கேட்டிருக்கார், "இல்ல சார்"ன்னு அக்கா சொல்லிட்டாங்க. அது பொய்யே கிடையாது. முகத்துக்கு போடுற கிரீமை யாரும் மருந்துன்னு நினைக்கிறதில்லயே. பயாப்ஸி எடுக்காம ஸ்டீராய்டு ஆரம்பிச்சு அனுப்பிட்டாங்க, வீட்டுக்கு வந்து மாத்திரையும் சாப்பிட்டுக்கிட்டு கிரீமும் போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க.

வீக்கம் குறையல. மதுரையில ஒரு கிட்னி டாக்டர்கிட்ட போனாங்க, அவர் பயாப்ஸி எடுக்கணும்னு அட்மிட் பண்ணார். அங்க இருந்த நர்ஸ் பொண்ணுதான் இந்த கேஸையே மாத்துனது. ஹிஸ்டரி எழுதுறப்ப அந்தப் பொண்ணு மருந்து எடுக்கிறீங்களான்னு கேக்கல, "மூஞ்சிக்கு என்னக்கா போடுறீங்க, வெள்ளையாகுறதுக்கு ஏதாச்சும் கிரீம் போடுறீங்களா?"ன்னு நேரா கேட்டிருக்கு. புருஷன் வெளிய போனப்புறம்தான் அக்கா பதில் சொல்லியிருக்காங்க, "ஒரு கிரீம் போடுதேம்மா, வீட்டுல தெரியாது"ன்னு. எத்தனை மாசமா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்த கடை, இதெல்லாம் தேதியோட கேஸ் ஷீட்டுல ஏறிடுச்சு. கேஸ் போடணுங்கிற நினைப்பே இல்லாத நேரத்துல சொன்ன வார்த்தை அது, பின்னாடி எதிர்த்தரப்பு எவ்வளவு முட்டியும் அந்த ஒரு வரியை அசைக்க முடியல. நஷ்டஈட்டுக்காக கட்டின கதைன்னு சொல்லவே வழியில்லாம போச்சு.

பயாப்ஸியில வந்தது மெம்பரனஸ் நெஃப்ரோபதி. கிட்னியில ரத்தத்தை வடிக்கிற சின்ன சின்ன வடிகட்டியோட சவ்வுல ஆன்டிபாடி படிஞ்சு, அது ஓட்டை விழுந்த மாதிரி புரோட்டீனை வெளிய விட்டுரும். இந்த நோய் காரணம் தெரியாம தானா வர்றப்ப பெரும்பாலும் பிஎல்ஏ2ஆர்ங்கிற புரோட்டீனைத்தான் ஆன்டிபாடி தாக்கியிருக்கும். அக்காவுக்கு அது நெகட்டிவ். டாக்டர் விடாம நெல்-1ங்கிற இன்னொரு புரோட்டீனுக்கு ஸ்டெயின், அதாவது சதையில அது இருக்கான்னு காட்டுற சாயம், போட சொன்னார், அது பாசிட்டிவ். இந்த நெல்-1க்கும் பாதரசத்துக்கும் உள்ள தொடர்பு நம்ம பக்கத்துல இருந்தே வெளிவந்த விஷயம். பாதரசம் கலந்த நாட்டு மருந்து எடுத்தவங்ககிட்ட இந்த வகை நோய் இருக்குன்னு சென்னையில உள்ள டாக்டர்கள் 2022ல எழுதினாங்க. கேரளாவுல கோட்டக்கல்ல 2021 ஜூலைல இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் வந்த 22 மெம்பரனஸ் நோயாளிகள்ல 15 பேருக்கு நெல்-1 பாசிட்டிவ், அந்த 15ல 13 பேர் ஃபேர்னஸ் கிரீம் போட்டவங்கன்னு அங்க உள்ள டாக்டர்கள் ஜர்னல்ல போட்டாங்க. இன்னும் பின்னாடி போனா 1972லயே நைரோபியில நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம்னு வந்தவங்கள்ல பாதிக்கு மேல தோலை வெளுக்க வைக்கிற பாதரச கிரீம் போட்டவங்கன்னு கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. ஐம்பது வருஷமா தெரிஞ்ச விஷயம், இன்னிக்கும் ஃபேன்சி ஸ்டோர் ஷெல்ஃப்ல உக்காந்திருக்கு, அதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

பாதரசம் ஏன் கிரீம்ல வருதுன்னா, தோல்ல மெலனின் உண்டாக வேண்டிய டைரோசினேஸ் என்சைமை அது தடுத்துரும், சீக்கிரம் வெளுப்பு தெரியும். நம்ம நாட்டு 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிப்படி கண்ணுக்கு போடுற பொருளைத் தவிர மத்த எதுலயும் தெரியாம கலந்த பாதரசம்கூட 1 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக்கூடாது. வெளிநாட்டு காஸ்மெட்டிக்னா இறக்குமதி பதிவு இருக்கணும், அந்த பதிவு நம்பரும் இறக்குமதி பண்ணவர் பேரும் லேபிள்ல இருக்கணும். அக்கா வாங்கின டப்பாவுல இது எதுவும் இல்ல, தமிழ்ல ஒரு எழுத்துகூட இல்ல. ஆனா தங்கம் வெள்ளி நகை மேல படாம பாத்துக்கோங்கன்னு பொடி எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு. இப்படி ஒரு வரி இருந்தாலே பாதரசம் இருக்கலாம்னு சந்தேகப்படணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, பாதரசம் தங்கத்தோட ஒட்டிக்கிடும்ல.

இப்ப சட்டத்துக்கு வருவோம். காரணத்தை நிரூபிக்கிறதுல ரெண்டு படி இருக்கு, இதை ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்புனா கேஸ் அங்கயே போச்சு. முதல் படி, இந்த பொருள் மனுஷனுக்கு இந்த நோயை குடுக்க முடியுமா. ரெண்டாவது படி, இந்த மனுஷிக்கு குடுத்தது இதுதானா. ஆராய்ச்சி கட்டுரை எல்லாம் முதல் படிக்குத்தான் ஆகும், நூறு கட்டுரையை கட்டா கொண்டு போய் வச்சாலும் ரெண்டாவது படிக்கு அது பாதிகூட பத்தாது. ரெண்டாவதுக்கு கேக்குற கேள்வி, எதிராளி தப்பு பண்ணலைன்னா இந்த நோய் வராமலே இருந்திருக்குமா. இதுக்கு சட்டக் கல்லூரியில சொல்லித்தர்ற கேஸ் 1960கள்ல லண்டன்ல தீர்ப்பான பார்னெட் வழக்கு. நைட் வாட்ச்மேன் மூணு பேர் டீ குடிச்சுட்டு வாந்தியோட ஆஸ்பத்திரி போறாங்க, டாக்டர் பாக்காமலே வீட்டுக்கு அனுப்பிட்டார், ஒருத்தர் செத்துப்போனார், டீயில ஆர்சனிக். டாக்டர் பண்ணது கவனக்குறைவுன்னு கோர்ட்டே சொல்லுச்சு, ஆனா அவர் பாத்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு மனைவிக்கு பைசா கிடைக்கல. தப்பு இருக்கு, சாவு இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல தொடர்பு இல்ல.

இன்னொண்ணு 1988 வில்ஷர் வழக்கு, குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு கண் போச்சு, ஆக்சிஜன் அதிகமா குடுத்ததும் காரணமா இருக்கலாம், அது போக இன்னும் நாலு காரணமும் இருக்கலாம். அஞ்சுல ஒண்ணு எதிராளியோடதுங்கிறதுனால மட்டும் அதுதான் காரணம்னு ஆகாதுன்னு அங்க சொல்லிட்டாங்க. எங்க கேஸ்ல எதிர்த்தரப்பு வக்கீல் பிடிச்சுக்கிட்டது இந்த வில்ஷரைத்தான். கெட்டிக்காரர். மீனு, நாட்டு மருந்து, வலி மாத்திரை, கேன்சர், தானா வந்த நோய், அப்படின்னு வரிசையா அடுக்கினார். அடுக்கினதை ஒவ்வொண்ணா எடுத்து அது இல்லைன்னு காட்டுற வேலைதான் எங்களுக்கு மொத்த கேஸும்.

கேஸை எங்க போய் போடுறதுங்கிறதுல நான் ரொம்ப யோசிக்கல, மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2020 ஜூலை 20ல அமலுக்கு வந்ததுல இருந்து பொருளால வந்த தீங்குக்குன்னு பிரிவு 82ல இருந்து 87 வரைக்கும் தனி அத்தியாயமே இருக்கு. அங்க ஆணையத்தோட வரம்பை பொருளுக்கு குடுத்த விலையை வச்சுத்தான் பாப்பாங்க, கேக்குற நஷ்டஈட்டை வச்சு இல்ல, அதனால சில நூறு ரூபா கிரீமுக்கு லட்சக்கணக்குல நஷ்டஈடு கேட்டாலும் மாவட்டத்துலயே போடலாம், பீஸும் கிடையாது. முக்கியமான விஷயம் 86வது பிரிவு. தயாரிச்சவர் யாருன்னே தெரியலைன்னாலோ, இந்திய சட்டத்துக்கு கட்டுப்படாத ஆளா இருந்தாலோ வித்தவரே பொறுப்பு. டப்பாவுல போட்டிருந்த வெளிநாட்டு கம்பெனி பேரை வச்சுக்கிட்டு நாங்க எங்க போய் தேடுறது, அப்படி ஒரு கம்பெனி இருக்கான்னே யாருக்கும் தெரியாது. கடைக்காரர் ஒண்ணாம் எதிர்மனுதாரர், அவருக்கு சரக்கு குடுத்த மொத்த வியாபாரி ரெண்டாவது. ஆனா ஒண்ணு, 86 பொறுப்பை யார் தலையில வைக்கலாம்னு சொல்லுமே தவிர, பொருளால்தான் தீங்குங்கிறதை நாமதான் காட்டணும். இதை விட்டுட்டு சட்டம் நம்ம பக்கம் இருக்குன்னு சும்மா உக்காந்தவங்களை பாத்திருக்கேன்.

முதல் பிரச்சினை டப்பா. பில் கிடையாது. "பில்லு எதுக்குக்கா, நம்ம கடைதானே"ன்னு கடைக்கார அண்ணாச்சி சொல்லியிருக்கார், அக்காவும் கேக்கல. ஆனா போன்ல காசு அனுப்பியிருக்காங்க, மாசாமாசம் அதே தொகை அதே கடைக்கு போயிருக்கு. அது வளையல் பொட்டு வாங்கினதுக்குன்னு எதிர்த்தரப்பு சொன்னாங்க. அப்பதான் வாட்ஸப்பை தோண்டினோம். "அண்ணாச்சி அந்த கிரீம் வந்துட்டா?" "வந்துட்டு, ரெண்டு எடுத்து வச்சிருக்கேன், வாங்க." அதுக்கு மறுநாள் தேதியில ரெண்டு டப்பா விலை போன்ல போயிருக்கு. நுகர்வோர் ஆணையம் சாட்சிய சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பாக்காதுன்னாலும் புது சட்டம் 63வது பிரிவு சர்டிபிகேட்டோட, அதாவது பழைய 65பி, அதோடதான் தாக்கல் பண்ணோம். அப்பீல்ல யாரும் அதை வச்சு ஆட்டக்கூடாதுல்ல.

டப்பா ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு பாதி போட்டது, ஒண்ணு சீல் பிரிக்காதது. அக்கா அதை தூக்கி எறிய போனப்ப மதுரை டாக்டர்தான் கவர்ல போட்டு கட்டி வைங்கன்னு சொல்லியிருக்கார். பாதி டப்பாவை மட்டும் டெஸ்ட் பண்ணா நீங்களே ஏதோ கலந்துட்டீங்கன்னு சொல்லுவாங்க, சீல் பிரிக்காததை மட்டும் பண்ணா நீங்க போட்டது இது இல்லைன்னு சொல்லுவாங்க, அதனால ரெண்டையும் பண்ணணும், ரெண்டுலயும் பேட்ச் நம்பர் ஒண்ணான்னு பாக்கணும். ஒண்ணாத்தான் இருந்துச்சு. நுகர்வோர் சட்டம் 38வது பிரிவுல ஆணையமே சாம்பிளை வாங்கி சீல் வச்சு லேபுக்கு அனுப்பலாம், 45 நாளுக்குள்ள ரிப்போர்ட் வரணும், நாங்க அப்படித்தான் கேட்டோம். சொந்தமா லேபுக்கு குடுத்து வாங்குன ரிப்போர்ட்டை விட ஆணையம் வழியா வர்றதுக்கு மதிப்பு கூட. இது போக மருந்து மற்றும் காஸ்மெட்டிக் சட்டம் 26வது பிரிவுல பொருளை வாங்கின யார் வேணும்னாலும் பீஸ் கட்டி அரசு பகுப்பாய்வாளர்கிட்ட டெஸ்ட் பண்ண குடுக்கலாம், கேஸ் போடலைன்னாலும். இது நிறைய பேருக்கு தெரியாது. ரிப்போர்ட் வந்துச்சு. 1 பிபிஎம் இருக்க வேண்டிய இடத்துல ஆயிரக்கணக்குல இருந்துச்சு, ரெண்டு டப்பாவுலயும்.

சரி, டப்பாவுல பாதரசம் இருக்கு. உடம்புக்குள்ள போச்சா? இங்கதான் நேரம் ஓடுறது பெரிய எதிரி. இந்த வகை பாதரசம் உடம்புல பாதியா குறைய ஏறக்குறைய ரெண்டு மாசம், கிரீமை நிறுத்தி ஒரு வருஷம் கழிச்சு டெஸ்ட் பண்ணா ஒண்ணுமே இருக்காது, எதிராளி ஜம்முன்னு போயிருவார். மதுரை டாக்டர் நெல்-1 வந்த அந்த வாரமே யூரின் மெர்க்குரி அனுப்பிட்டார், கிரியேட்டினினோட சேத்து. அதிகமாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறமும் இடைவெளி விட்டு திரும்பத் திரும்ப பண்ண சொன்னார், நம்பர் இறங்கிக்கிட்டே வந்துச்சு. ஒரு தடவை எடுத்த ரிப்போர்ட்டை விட இந்த இறங்குற வரிசைக்குத்தான் பலம். இன்னொரு விஷயம், சில இடத்துல பாதரசத்தை வெளிய இழுக்குற மருந்தை குடுத்துட்டு அப்புறம் யூரின் எடுப்பாங்க, அப்ப யாருக்கு எடுத்தாலும் நம்பர் கூடத்தான் காட்டும், அந்த ரிப்போர்ட்டை குறுக்கு விசாரணையில கிழிச்சிருவாங்க. மருந்து குடுக்குறதுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணு கண்டிப்பா வேணும்.

அடுத்து மீனு. எதிர்த்தரப்பு வக்கீல் இதுல ரொம்ப நம்பிக்கையா இருந்தார். தூத்துக்குடி பக்கத்துல இருக்கு, தினமும் மீன்குழம்பு வைக்கிற வீடு, மீன்ல பாதரசம் இருக்குன்னு உலகத்துக்கே தெரியும், அப்புறம் கிரீம் மேல பழி ஏன்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா மீன்ல இருக்குறது மீத்தைல் மெர்க்குரி, அது ரத்தத்துலதான் காட்டும், பெரும்பாலும் பித்தம் வழியா மலத்துல போயிரும், யூரின்ல அவ்வளவா வராது. கிரீம்ல இருக்குற இன்ஆர்கானிக் வகைதான் கிட்னியில தங்கி யூரின்ல வரும். அக்கா வீட்டுல வாங்குறது சாளையும் நெத்திலியும், சுறா சீலா மாதிரி பெரிய மீனுங்க அளவுக்கு அதுல சேராது. ஆனா இந்த கெமிஸ்ட்ரி விளக்கத்தை விட ஆணையத்துக்கு உறைச்சது வேற ஒண்ணு.

அக்காவுக்கு ஒரு சின்ன பொண்ணு, அம்மா பக்கத்துலதான் படுக்கும், அம்மா முகத்துல முகம் வச்சு தூங்குற வயசு. மாமியார் அதே வீடு, அதே சட்டியில மீன்குழம்பு, ஆனா படுக்குறது தனி ரூம்ல. புருஷன் லோடு வண்டி ஓட்டுறவர், ராத்திரி பாதி நாளு வெளியதான். நாலு பேருக்கும் யூரின் மெர்க்குரி எடுக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டோம். மாமியாருக்கு நார்மல், புருஷனுக்கு நார்மல். கிரீமே போடாத பொண்ணுக்கு கூட. மீனுதான் காரணம்னா நாலு பேருக்கும்ல இருக்கணும்? அமெரிக்காவுல 2010ல கலிபோர்னியாவுலயும் வர்ஜீனியாவுலயும் இதே மாதிரி, மெக்சிகோ கிரீம் போட்டவங்க வீட்டுல போடாதவங்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதரசம் ஏறினதை அங்க உள்ள சுகாதாரத் துறை பதிவு பண்ணியிருக்கு, தலகாணி துண்டு வழியா, அதையும் இணைச்சோம். பொண்ணுக்கு நோய் எதுவும் வரல, போர்வை தலகாணி எல்லாத்தையும் மாத்தினப்புறம் அளவு இறங்கிருச்சு. அந்த ரிப்போர்ட்டை பாத்த அன்னிக்கு அக்கா எங்க ஆபீஸ்ல உக்காந்து அழுதது என்னால மறக்க முடியல, தனக்கு நோய் வந்தப்ப அவங்க அப்படி அழல.

நாட்டு மருந்து விஷயம் கொஞ்சம் சிக்கல்தான். முதல் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டுல எங்கயோ ஒரு மூலையில "நாட்டு மருந்து - இடுப்பு வலி"ன்னு ஒரு வரி இருக்கு, எதிர்த்தரப்பு அதை கண்டுபிடிச்சுட்டாங்க. பாதரசம் சேந்த மருந்தாலயும் இதே நெல்-1 வரும்னு நாங்க தாக்கல் பண்ண கட்டுரையே சொல்லுதே. மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. அக்காகிட்ட கேட்டா ஒரு சூரணம், பத்து பதினஞ்சு நாள் சாப்பிட்டு விட்டுட்டாங்க, கிரீம் ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி, மிச்சம் டப்பாவுல கிடந்துச்சு. அதையும் நாங்களே லேபுக்கு அனுப்ப சொல்லி மனு போட்டோம். சீனியர் ஒருத்தர் "ஏன்டே, அதுல இருந்துட்டா என்னல செய்வ?"ன்னு கேட்டார். இருந்துட்டா கேஸை வேற மாதிரி நடத்தணும், ரெண்டுல எது பெரிய பங்குன்னு, 1956 பானிங்டன் கேஸ்ல சிலிக்கா தூசிக்கு சொன்ன மாதிரி கணிசமான பங்கு இருந்தாலே போதும்னு வாதாடணும். ஆனா தெரியாம இருக்குறதுதான் ஆபத்து. சூரணத்துல சொல்லிக்கிற அளவுக்கு பாதரசம் இல்ல, அவங்க கையில இருந்த நல்ல ஆயுதம் ஒண்ணு அதோட போச்சு.

வலி மாத்திரை, மஞ்சள்காமாலை பி, லூபஸ், இதெல்லாம் மதுரை டாக்டர் வைத்தியத்துக்காகவே பாத்து முடிச்சிருந்தார். நெல்-1 சில பேருக்கு கேன்சரோடயும் வருங்கிறதால அதுக்கான ஸ்கேன் எல்லாம் எடுத்து ஒண்ணும் இல்லைன்னு உறுதி பண்ணியிருந்தார்.

மிச்சம் இருந்தது "தானா வந்து தானா போச்சு"ங்கிற வாதம். காரணம் தெரியாத மெம்பரனஸ்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு மருந்தே இல்லாம சரியாகுங்கிறது உண்மை. இங்கதான் முதல் ஆஸ்பத்திரியில குடுத்த ஸ்டீராய்டு எங்களுக்கு எதிர்பாராத சாட்சியாச்சு. ஸ்டீராய்டும் கிரீமும் சேந்து போன காலத்துல புரோட்டீன் இறங்கல. மதுரையில ஸ்டீராய்டை குறைச்சு நிறுத்திட்டு, பிரஷர் வகை மாத்திரையும் நீர் பிரியுற மாத்திரையும் மட்டும் குடுத்து கிரீமை நிறுத்தினாங்க, மாசத்துக்கு மாசம் புரோட்டீன் இறங்குச்சு. மெம்பரனஸ்க்கு ஸ்டீராய்டு மட்டும் குடுத்தா பொதுவாவே கேக்காதுன்னு எதிர்த்தரப்பு சொன்னாங்க, அது சரிதான், அதனால அதை மட்டும் வச்சு நாங்க நிக்கல. யூரின் மெர்க்குரி இறங்குற கோட்டையும் புரோட்டீன் இறங்குற கோட்டையும் ஒரே கிராஃப்ல போட்டு குடுத்தோம், ஒண்ணு முன்ன போக ஒண்ணு பின்னாலயே வருது. தானா சரியான நோய் பாதரசத்தோட தேதி பாத்தா சரியாகும்?

இத்தனையும் இருந்தும் கேஸ் கிட்டத்தட்ட நின்னுபோக இருந்தது டாக்டர் குடுத்த முதல் லெட்டர்ல. "பாதரச கிரீமுடன் தொடர்பு இருக்கலாம், உறுதியாக சொல்ல இயலாது"ன்னு எழுதியிருந்தார். டாக்டருக்கு உறுதின்னா ஆராய்ச்சிக் கட்டுரை அளவுக்கு, தொண்ணூத்தஞ்சு சதவீதம் அந்த மாதிரி. சிவில் கேஸ்ல அவ்வளவு வேண்டாம், நடந்திருக்க வாய்ப்பு கூடவா குறைவாங்கிறதுதான், தராசு ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்சா போதும். இதை நாங்க டாக்டருக்கு விளக்கினோம், என்ன எழுதணும்னு சொல்லல, அது பெரிய தப்பு, கேள்வியை மட்டும் சரியா எழுதி குடுத்தோம். ஒண்ணு, இந்த நோய்க்கு தெரிஞ்ச காரணங்கள் என்னென்ன. ரெண்டு, இவங்ககிட்ட அதுல எதையெல்லாம் தேடினீங்க, எது இல்ல. மூணு, மிச்சம் இருக்குறதுல எது வாய்ப்பு கூடுதல், ஏன். அவர் மூணு பக்கம் எழுதி குடுத்தார், கடைசியில "மற்ற எல்லா காரணங்களையும் விட இந்த கிரீமே காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்"னு. பழைய லெட்டரையும் மறைக்காம தாக்கல் பண்ணோம். எதிர்த்தரப்பு அதைக் காட்டி கேட்டப்ப, "அப்ப சின்ன பொண்ணு ரிப்போர்ட் என்கிட்ட இல்ல, சூரணம் ரிப்போர்ட்டும் இல்ல"ன்னு டாக்டர் அமைதியா பதில் குடுத்தார்.

கடைசியா ஒரு நுணுக்கம். கடைக்காரரோட தப்பு என்னன்னு நாம சொல்றோமோ அந்த தப்புக்கும் நோய்க்கும் தொடர்பு வேணும். பதிவு நம்பர் இல்லாத பொருளை வித்தது தப்புன்னா, நம்பர் இல்லாததாலயா கிட்னி கெட்டுச்சுன்னு கேப்பாங்க, கேட்டாங்க. பதிவுங்கிறதே உள்ள என்ன இருக்குன்னு பாத்து விடுறதுக்குத்தான், பதிவு இருக்குற சரக்கை மட்டும் வாங்குவேன்னு அவர் இருந்திருந்தா இந்த டப்பா அந்த ஷெல்ஃபுக்கே வந்திருக்காது, அக்கா கைக்கும் போயிருக்காதுன்னு சொன்னோம். ரெண்டு வேளை போட்டது தவறான உபயோகம், அப்படி உபயோகிச்சா 87வது பிரிவுப்படி வித்தவர் பொறுப்பில்லன்னு இன்னொரு வாதம் வந்துச்சு. எத்தனை வேளைன்னு டப்பாவுல எங்க எழுதியிருக்கு, அண்ணாச்சியாவது வாயால சொன்னாரா?

தீர்ப்பு வரைக்கும் போகல. வாதத்துக்கு தேதி குடுத்தப்புறம் ரெண்டு எதிர்மனுதாரரும் சேந்து சமாதானத்துக்கு வந்தாங்க, வைத்தியச் செலவு முழுசும், தையல் வேலை நின்ன மாசங்களுக்கு வருமானமும், அதுக்கு மேல ஒரு தொகையும். அக்காவுக்கு வாங்கிக்கோங்கன்னுதான் நானும் சொன்னேன், வீட்டுல கடன் இருந்துச்சு. ஆனா காரணம் இதுதான்னு ஒரு வரி தீர்ப்புல வந்திருந்தா அடுத்தவங்களுக்கு எவ்வளவு உதவியா இருந்திருக்கும்ங்கிற வருத்தம் எனக்கு இருக்கு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் பேக்டரி பாதரச விவகாரத்துலயும் 2016ல 591 முன்னாள் தொழிலாளிகளோட சமாதானம் ஆச்சு, மனிதாபிமான அடிப்படையிலன்னு சொல்லித்தான் காசு குடுத்தாங்க, நோய்க்கு காரணம் பாதரசம்னு ஒரு முடிவு அதுல எழுதப்படவே இல்ல.

இந்த கேஸ் காதுல விழுந்து அதே கடையில அதே கிரீம் வாங்கின இன்னொருத்தங்க வந்திருக்காங்க. அவங்க நிலைமை வேற. கிரீமை நிறுத்தி வருஷத்துக்கு மேல ஆச்சு, டப்பா இல்ல, யூரின் மெர்க்குரி அப்ப யாரும் எடுக்கல, மெம்பரனஸ்னு மட்டும் பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கு. நோய் வந்ததுல இருந்து கணக்கு போட்டா கேஸ் போட நுகர்வோர் சட்டம் 69வது பிரிவு சொல்ற ரெண்டு வருஷக் கெடு நெருங்குது. பயாப்ஸி எடுத்த சதையை மெழுகு பிளாக்கா ஆஸ்பத்திரியில வச்சிருப்பாங்க, அதுல இப்பவும் நெல்-1 ஸ்டெயின் போடலாம், அதுக்கு எழுதி குடுத்தோம், பாசிட்டிவ்னு வந்துட்டு. டப்பா இல்லாததுக்கு 2012ல நேஷனல் சீட்ஸ் கார்ப்பரேஷன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னதைத்தான் நம்பியிருக்கோம், விதை வாங்கின விவசாயி எல்லாத்தையும் விதைச்சுருவான், டெஸ்ட்டுக்குன்னு மிச்சம் வைன்னு அவன்கிட்ட எதிர்பாக்க முடியாது, சாம்பிள் கம்பெனிகிட்டதான் இருக்கும்னு. கிரீமும் போட்டு தீத்துருற பொருள்தான். அக்கா கேஸ்ல வந்த லேப் ரிப்போர்ட்டோட பேட்ச் நம்பர், இவங்க போன்ல டப்பாவை பிடிச்சு தங்கச்சிக்கு அனுப்பின போட்டோவுல தெரியுற நம்பரோட ஒத்துப்போகுது. கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் நோட்டீஸ் அனுப்பியாச்சு, அந்த பேட்ச்ல எத்தனை வந்துச்சு எங்க போச்சுன்னு ஸ்டாக் ரிஜிஸ்டரை கேட்டு மனுவும் ரெடி.